கடலூர், புதுச்சேரி வெயிலில் நீர்த்தவளை வளர்ப்பு: தொட்டி முதல் தீனி வரை

மீன் கடையில் ‘தண்ணீர்த் தவளை’ என்று கேட்டால் இரண்டு வேறு இனங்களில் ஏதோ ஒன்றைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். எது எது என்று கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது. ஒன்று ஆப்பிரிக்கக் குட்டைத் தவளை, உயிரியல் பெயர் ஹைமெனோகைரஸ். முழுதாக வளர்ந்தாலும் மூன்றரை, நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. மற்றது ஆப்பிரிக்க நகத்தவளை, பெயர் ஜெனோபஸ் லேவிஸ். கடையில் பார்க்கும்போது அதுவும் கட்டைவிரல் அளவில்தான் இருக்கும். ஒன்றரை வருடம் போனால் பெண் தவளை உள்ளங்கையை நிறைத்துவிடும். தொட்டி, தீனி, தண்ணீரின் சூடு எல்லாமே இரண்டுக்கும் வேறு. அதனால் எதையும் வாங்குமுன் அடையாளம் காணத் தெரிய வேண்டும்.

முன்னங்காலைப் பாருங்கள். விரல்களுக்கு இடையே சவ்வு இருந்தால் குட்டைத் தவளை. விரல்கள் தனித்தனியாகச் சவ்வில்லாமல் விரிந்திருந்தால் நகத்தவளை. பின்னங்காலை வைத்து முடிவு செய்யாதீர்கள், அங்கே இரண்டுக்குமே சவ்வும் உண்டு, கறுத்த நகமும் உண்டு. கண் தலையின் பக்கவாட்டில் இருந்து மூக்கு கூராக இருந்தால் குட்டை. கண் உச்சியில் மேல்நோக்கி இருந்து, முகம் தட்டையாக, உடம்பின் ஓரத்தில் தையல் போட்டதுபோல் சிறு கோடுகள் தெரிந்தால் நகத்தவளை. வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக விற்கும் தவளை ஏறக்குறைய எப்போதுமே நகத்தவளைதான், ‘இது வளராது சார்’ என்று எத்தனை முறை சொன்னாலும்.

நம் கடற்கரைக்கு எது ஒத்துவரும் என்பதில் குழப்பமே வேண்டாம். குட்டைத் தவளைக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் தண்ணீர் போதும், 28 வரை தாங்கும். நகத்தவளைக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். மே மாதத்தில் மஞ்சக்குப்பத்திலோ முதலியார்பேட்டையிலோ ஒரு சாதாரண அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 என்று நிற்கும். ஏசி இரவும் பகலும் ஓடும் அறையோ, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியோ இல்லாமல் நகத்தவளையை இங்கே வாங்குவது அதைக் கொதிக்க வைப்பதற்குச் சமம். ஊட்டிக்காரர்கள் வளர்க்கட்டும். நாம் குட்டைத் தவளையோடு நிற்போம். இந்த வழிகாட்டியின் அளவுகள் எல்லாம் அதற்கானவை.

தொட்டியும் மூடியும்

நான்கு அல்லது ஐந்து தவளைக்கு 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரத் தொட்டி. கடைக்காரர்கள் ‘ரெண்டடி தொட்டி’ என்பார்கள். விளிம்பு வரை 54 லிட்டர் பிடிக்கும். நாம் 10 அங்குலம் வரைதான் நிரப்புவோம், மணல் போக சுமார் 40 லிட்டர் நிற்கும். இதைவிட ஆழம் வேண்டாம். இந்தத் தவளைக்கு நுரையீரல் உண்டு, செவுள் கிடையாது. மூச்சுவிட ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து மேலே நீந்தி வந்தாக வேண்டும். உயரமான தொட்டியில் நோஞ்சான் தவளை நீந்தியே களைத்துப் போகும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒன்றைப் போட்டு மேசையில் வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதில் தவளை சாக மாதக்கணக்கு ஆகும் என்பதால் அது வாழ்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தண்ணீர் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் காற்றிடம் விடுங்கள். கடையில் கொடுக்கும் கண்ணாடி மூடியில் ட்யூப் போவதற்காக மூலையை வெட்டியிருப்பார்கள். அந்த மூலைதான் தவளை தப்பும் வாசல். வெளியே விழுந்த தவளை மின்விசிறிக் காற்றில் சில மணி நேரத்தில் காய்ந்து சருகாகிவிடும். இந்த ஊருக்குக் கண்ணாடி மூடியைவிட வலை மூடி நல்லது. ஜன்னலுக்கு அடிக்கும் ஃபைபர் கொசுவலையை ஒரு அலுமினியச் சட்டத்தில் இழுத்துப் பொருத்தி, ஓரங்களில் வெல்க்ரோ ஒட்டிவிட்டால் போதும். காற்றும் போகும். கோடையில் விசிறி வைக்கவும் இதுதான் தோது.

நிரம்பிய தொட்டி மணலோடும் கண்ணாடியோடும் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் வரும். பிளாஸ்டிக் ஸ்டூல் தாங்காது. இரும்பு ஸ்டாண்டோ கடப்பா மேடையோ வேண்டும், தொட்டிக்கு அடியில் ஒரு அங்குல தெர்மாகோல். இடம் தேர்வதில் மூன்று கண்டிப்பு: மேற்குச் சுவரை ஒட்டி வேண்டாம், மொட்டைமாடிக்கு நேர் கீழறை வேண்டாம், சமையலறை வேண்டாம். கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த மூலை கிடைத்தால் கோடையில் இரண்டு டிகிரி சும்மாவே மிச்சம்.

புதுத் தொட்டியைக் கல் உப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் எதுவும் படக்கூடாது. தவளை தோலாலேயே தண்ணீரை உறிஞ்சும் பிராணி, கண்ணாடியில் ஒட்டிய சோப்பு அதன் உடம்புக்குள் போய்ச் சேரும். கழுவியதும் வைக்கப்போகும் இடத்திலேயே நிரப்பி 24 மணி நேரம் விட்டுக் கசிவு பாருங்கள்.

அடியில் என்ன போடுவது

இந்தத் தவளைக்கு நாக்கு கிடையாது. தீனியைக் கண்டால் வாயைத் திறந்து பாய்ந்து, முன்னங்கையால் உள்ளே தள்ளிக்கொள்ளும். பக்கத்தில் கிடக்கும் கல்லும் சேர்ந்து போகும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். பட்டாணி அளவு வண்ணக் கற்கள்தான் மிக மோசம். வாய்க்குள் நுழையும், வெளியே போகாது. அடியில் ஒன்றுமே போடாமல் விடலாம், அல்லது நைஸ் மணல் போடலாம். பெரிய கல் வைப்பதானால் தவளையின் தலையைவிடப் பெரிதாக, உருண்டையாக இருக்கட்டும்.

மணல் என்றதும் சில்வர் பீச்சிலிருந்தோ புதுவைக் கடற்கரையிலிருந்தோ அள்ளி வரத் தோன்றும். அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும், எத்தனை கழுவினாலும் கிளிஞ்சல் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். வீடு கட்டும் எம்-சாண்ட் உடைத்த கருங்கல், ஓரம் ஊசியாக இருக்கும், வயிற்றுத் தோலைக் கீறும். மீன் கடையில் கிடைக்கும் வெள்ளை சிலிக்கா மணல் ஆறு கிலோ வாங்குங்கள். ரெண்டடி தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர் கனம் வரும். அதற்கு மேல் போட்டால் அடி மணல் கறுத்து அழுகல் முட்டை வாடை அடிக்க ஆரம்பிக்கும். வாளியில் போட்டுக் கலக்கிக் கலக்கி ஊற்றி, தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை ஆகும்.

ஒளிந்துகொள்ளத் தவளைக்கு ஒன்றுக்கு ஒரு இடமாவது வேண்டும். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர், அங்கே கிடைக்கும் வண்ணம் பூசாத, மெருகு ஏற்றாத சின்ன மண்தொட்டிகளைப் படுக்கவைத்தால் அருமையான வீடு. பூந்தொட்டியாக இருந்தால் அடியில் இருக்கும் ஓட்டையைக் கவனியுங்கள். தவளை பாதி உடம்பை நுழைத்துவிட்டு முன்னும் போகாமல் பின்னும் வராமல் மாட்டி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போவது நடக்கிறது. அந்த ஓட்டையை அக்வேரியம் சிலிக்கானால் அடைத்து, இரண்டு நாள் காயவிட்டுக் கழுவிப் போடுங்கள்.

செடிகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மோஸ் மூன்றும் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பிழைக்கும். மேலே கொஞ்சம் மிதக்கும் செடி இருந்தால் தவளை அதில் தொற்றிக்கொண்டு மூக்கை நீட்டும். மேல்பரப்பு முழுதும் மூடவிடாதீர்கள். குளத்தில் இருக்கும் வேலம்பாசியைப் பிடுங்கிவந்து போடுவது வேண்டாம். தும்பிப் புழுவும் அட்டையும் அதோடு வரும், வயலில் அடித்த மருந்தும் வரலாம். ஒரே ஒரு தும்பிப் புழு குட்டைத் தவளையைப் பிடித்துத் தின்னும் அளவு முரடு.

ஃபில்டர்

ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும் அதை ஓட்ட ஒரு ஏர் பம்பும் போதும். உள்ளே மூழ்கும் பவர் ஃபில்டரும் பக்கத்தில் தொங்கும் ஃபில்டரும் தண்ணீரை வேகமாகச் சுழற்றும். இது தேங்கிய நிழல் தண்ணீரில் வாழும் பிராணி, ஓட்டத்தில் தத்தளிக்கும், உறிஞ்சும் வாயில் காலும் மாட்டும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், முடியாவிட்டால் ட்யூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கரண்ட் போன நேரம் தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியே பம்புக்குள் இறங்குவதை அது தடுக்கும்.

ஏர் பம்பைப் பற்றி வேறெங்கும் அதிகம் சொல்லாத ஒன்று: அது அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. அறையில் கொசுவத்திச் சுருளோ லிக்விடோ ஓடினால் அந்த மருந்தும் உள்ளே போகும். இவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. பூச்சிக்கு எப்படியோ அப்படியே நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள், லிக்விட் வேண்டாம். தெருவில் கொசுப்புகை வண்டி வந்தால் பம்பை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, தொட்டியின் மேல் ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். கரப்பான் ஸ்ப்ரேவுக்கும் சாம்பிராணிப் புகைக்கும் இதே கவனம் வேண்டும்.

தண்ணீர்

இந்தக் கரையோரத்தில் தவளை வளர்ப்பில் பாதி வேலை தண்ணீர் தேடுவதுதான். கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக, டி.டி.எஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டி இருப்பது சாதாரணம். குட்டைத் தவளைக்கு 150 முதல் 350 வரை வைத்தால் நிம்மதி. பி.எச் (புளிப்பு-காரத் தன்மை) 6.5 முதல் 7.8 வரை எங்கிருந்தாலும் பரவாயில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் மாறக்கூடாது. டி.டி.எஸ் பேனா ஒன்று வாங்கிவிடுங்கள், இதற்கு அது இல்லாமல் முடியாது.

கணக்கு எளிது. உங்கள் போர் தண்ணீர் 1000, ஆர்.ஓ. தண்ணீர் 50 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு போர், நான்கு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 240 வரும். போர் 500 தான் என்றால் ஒரு பங்குக்கு ஒரு பங்கே 275 தரும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தப்பு. அதில் உப்புகள் ஏறக்குறைய இல்லை, பி.எச்சைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் ஒரு மாதத்தில் அது சரிந்து, ஃபில்டர் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்.ஓ. தான். பேனா வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். செப்புக் குடத்திலோ செப்புத் தவலையிலோ பிடித்து வைத்த தண்ணீரைத் தொடவே வேண்டாம். நமக்கு நல்லது என்று சொல்லும் அந்தச் செம்பு தவளைக்கு விஷம். கலங்கலைத் தெளிய வைக்கப் படிகாரம் போட்ட தண்ணீரும் ஆகாது, பி.எச்சைத் திடீரென்று இறக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மாடித் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வாரத்தில் இன்னும் அதிகம். கடையில் விற்கும் ‘ஆன்டி-குளோரின்’ சோடியம் தயோசல்பேட்தான். படிகமாக வாங்கினால் 10 கிராமைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லியாக்கி வையுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு இதில் 1 மில்லி, பிளீச்சிங் வாடை வந்தால் 2 மில்லி. போர் தண்ணீரில் குளோரின் இல்லாவிட்டாலும் நேரே ஊற்றாதீர்கள். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் பிராணவாயு குறைவு, கரியமிலவாயு அதிகம், சில இடங்களில் இரும்பும் உண்டு. வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஓர் இரவு ஓடவிட்டால் வாயு வெளியேறும், இரும்பு துருவாக அடியில் தங்கும்.

பாக்டீரியா பிடிக்கும் வரை தவளை வேண்டாம்

அவசரப்படுபவர்கள் விழுவது இங்கேதான். தவளையின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகும். ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் நஞ்சு, நைட்ரேட் அளவோடு இருந்தால் பரவாயில்லை. இந்தப் பாக்டீரியா போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம். நம் ஊர்ச் சூட்டில் சில சமயம் மூன்றிலேயே முடியும்.

தவளை இல்லாமல் இதைச் செய்ய அம்மோனியம் குளோரைடு வாங்குங்கள், லேப் கெமிக்கல் கடையில் கிடைக்கும். 40 லிட்டருக்கு கால் கிராம் போட்டால் அம்மோனியா சுமார் 2 பி.பி.எம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட்டால் இரண்டு நாளைக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் அம்மோனியா குறையும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்தவுடன் மறுபடி அதே கால் கிராம். ஒருநாள், போட்ட கால் கிராமும் 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று வந்து நிற்கும். தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு அடுத்த நாள் தவளை வாங்கப் போகலாம்.

நண்பர் வீட்டு ஆரோக்கியமான மீன் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் காத்திருப்பு பாதியாகும். கடைத் தொட்டியின் ஸ்பாஞ்ச் வேண்டாம், அங்கே வந்துபோகும் நோய் எல்லாம் அதில் இருக்கும்.

வாங்குவதும் கொண்டுவருவதும்

மூன்றுக்குக் குறையாமல் வாங்குங்கள், தனித்தவளை பயந்தே கிடக்கும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வயிறு ஒட்டியிருந்தால் வேண்டாம். பந்துபோல் ஊதியிருந்தாலும் வேண்டாம். தோலில் பஞ்சுபோல் வெள்ளை, காலிலும் வயிற்றிலும் சிவப்புக் கீறல், எப்போதும் மேலேயே தொங்கும் தவளை இருந்தால் அந்தத் தொட்டியில் எதையுமே எடுக்காதீர்கள். ஆண் தவளையின் கக்கத்துக்குப் பின்னால் வெளிறிய அல்லது இளஞ்சிவப்புப் புள்ளி இருக்கும். புண் என்று நினைக்க வேண்டாம், சுரப்பி அது. பெண் கொஞ்சம் பருமனாக, பின்னால் சிறு வால்போல் நீட்டிக்கொண்டிருக்கும்.

வெயிலேறுமுன் காலையில் வாங்கி, பையைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். வீட்டில் தவளையைப் பைத் தண்ணீரோடு ஒரு மூடிபோட்ட டப்பாவுக்கு மாற்றி, தொட்டித் தண்ணீரை மெல்லிய ட்யூபில் நொடிக்கு ஒரு சொட்டு என்று முக்கால் மணி நேரம் விடுங்கள். பிறகு டம்ளரால் முகந்து தவளையை மட்டும் விடவும், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவேண்டாம். நைலான் வலையில் தவளையின் விரல் சிக்கும். வெறுங்கையால் பிடிப்பது இருவருக்கும் நல்லதல்ல. முதல் இரண்டு மூன்று நாள் ஒளிந்தே கிடந்து தின்னாமல் இருக்கும், கவலை வேண்டாம்.

ஏற்கெனவே தவளை இருக்கும் தொட்டியில் புதிதாகச் சேர்ப்பதானால் புதியவற்றை வேறு தொட்டியில், வேறு வலை, வேறு வாளியோடு குறைந்தது இரண்டு மாதம் தனியே வையுங்கள். உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை, வெளியே ஒன்றும் தெரியாமலே ஒரு தவளையில் இருக்க முடியும். மீன்களோடு சேர்ப்பதைவிடத் தனியாக வளர்ப்பதே எங்கள் சிபாரிசு. மீன் பாய்ந்து தின்றுவிடும், தவளை வாசனை பிடித்துத் தேடிவருவதற்குள் தட்டு காலி. நகத்தவளையோடு சேர்த்தால் குட்டைத் தவளையே அதற்குத் தீனி.

தீனி

இதன் கண்பார்வை மந்தம், தீனியை மணத்தாலும் அசைவாலும் கண்டுபிடிக்கும். எனவே ஒரே இடத்தில் போட்டுப் பழக்குவது முக்கியம். கார்த்திகைக்கு வாங்கும் மண் அகல் விளக்கு இதற்கென்றே செய்த தட்டுபோல் இருக்கும். எண்ணெய் படாத புது அகலைக் கழுவி ஒரு மூலையில் வையுங்கள். 10 மில்லி ஊசி சிரிஞ்சின் முனையில் ஒரு சாண் ஏர் ட்யூபைச் செருகினால் தீனிக்குழாய் தயார். தீனிக்கு முன் அகலை இரண்டு தட்டுத் தட்டுங்கள். இரண்டு வாரத்தில் தட்டியதும் வந்து உட்காரும்.

முதன்மைத் தீனி ஃப்ரோசன் பிளட் வார்ம், அதாவது உறையவைத்த சிவப்புப் புழு. ஒரு கட்டியைத் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுத்துப் பத்து நிமிடம் கரையவிட்டு, சிவப்புத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் உறிஞ்சி அகலில் விடவும். வளர்ந்த தவளை ஒன்றுக்கு ஐந்து முதல் எட்டுப் புழு, ஒருநாள் விட்டு ஒருநாள். இதையே எப்போதும் போடாமல் இடையில் ஃப்ரோசன் ஆர்டீமியா (பொடி உப்புநீர் இறால்), டாஃப்னியா (நீர்த்தெள்ளு), பொடிப்பொடியாக நறுக்கிய மண்புழு என்று மாற்றுங்கள். உலர்த்திய புழு மிதக்கும், வயிற்றுக்குள் போய் உப்பும், தவிர்க்கலாம். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு பெரும்பாலும் சாக்கடை ஓரத்தில் எடுப்பது, அது வேண்டவே வேண்டாம். கொசுப்புழுவைத் தவளை ஆசையாகத் தின்னும். ஆனால் வாளியில் கொசுப்புழு வளர்த்து அதில் நாலு பறந்தால் டெங்குவுக்கு நீங்களே வழிவிட்டதாகும்.

உயிருள்ள தீனி வேண்டுமானால் ஆர்டீமியா முட்டையைப் பொரிக்கலாம், இந்த ஊர்ச் சூடு அதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மரக்காணம் கல் உப்பு, அரைத் தேக்கரண்டி முட்டை, ஏர் ட்யூபால் விடாமல் கலக்க வேண்டும். 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு அடியில் சேரும். ட்யூபால் இறக்கி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி உப்பு போனபின் கொடுங்கள். சின்னத் தவளைக்கு இது விருந்து, பெரியது இதைத் துரத்துவதில் உடற்பயிற்சி செய்யும்.

அரை மணி நேரத்தில் தின்னாத புழுவை அதே சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். பட்டினியால் செத்த தவளையைவிடப் பாசத்துக்கு ஊட்டிச் செத்த தவளைதான் அதிகம்.

வாராந்திர வேலையும் கோடையும்

வாரம் ஒருமுறை எட்டு முதல் பத்து லிட்டர் சிஃபனால் (தண்ணீரை உறிஞ்சி இறக்கும் ட்யூப்) எடுத்து, கலந்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். சூட்டு வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கை வைக்க முடியாத சூடு, அதனால் விடிகாலையில் பிடித்து வையுங்கள். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள். குழாயடியில் வைத்துக் கழுவினால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா அஞ்சு நிமிடத்தில் போய்விடும்.

ஏப்ரல் பிறந்ததும் தொட்டியில் ஒரு தெர்மாமீட்டர் நிரந்தரமாகக் கிடக்கட்டும். 28 தாண்டினால் கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் விசிறியை வலை மூடியின்மேல் சாய்த்து வைத்து, காற்று தண்ணீர்ப் பரப்பில் உரசும்படி ஓட்டுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடற்காற்று ஈரமாக வீசும் நாளில் இதன் பலன் குறையும். விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம். அப்போதும் இறங்காவிட்டால் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மூடியோடு மிதக்கவிடுங்கள். 40 லிட்டரில் ஒரு பாட்டில் சுமார் ஒரு டிகிரிதான் இறக்கும். அதுபோதும், ஒரே நேரத்தில் நான்கைந்து பாட்டில் போட்டால் சூடு சட்டென்று விழுந்து தவளை அதிர்ச்சியாகும்.

விசிறி ஓடினால் தினமும் ஒரு லிட்டர் வரை ஆவியாகலாம். குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். கலந்த தண்ணீரையே ஊற்றி நிரப்பினால் மே கடைசியில் பேனா 600 காட்டும், ஏன் தவளை சுருண்டு கிடக்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். மார்கழி, தையில் இங்கே ஹீட்டர் அநேகமாகத் தேவைப்படாது. தண்ணீர் 22க்குக் கீழே போகும் வீடாக இருந்தால் 50 வாட் ஹீட்டர், சுற்றி உறையோடு.

மழைக்காலத்தின் கவலை கரண்ட். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நிலையில் மீனைவிடத் தவளைக்கு ஒரு வசதி, காற்றை நேரே சுவாசிப்பதால் பம்ப் நின்றவுடன் சாகாது. சாவது ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியா. யு.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் அக்டோபருக்கு முன்னே எடுத்து வையுங்கள். இருபது லிட்டர் கலந்த தண்ணீரும் மூடி வையுங்கள், வெள்ளம் புகுந்த கிணற்றையோ போரையோ நம்ப முடியாது. கரண்ட் வரும்வரை தீனியை நிறுத்திவிடுங்கள்.

உடம்பு சரியில்லாதபோது

முதலில் நோயல்லாதவை. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை தோல் வெள்ளைப் படலமாக உரியும், தவளையே அதைத் தின்றுவிடும். கை காலை விரித்துச் செத்ததுபோல் மிதப்பது அதன் ஓய்வு. இரவில் ஃபிரிட்ஜ் ஓடுவதுபோல் ரீங்காரம் கேட்டால் ஆண் தவளை கூப்பிடுகிறது. ஆண் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றினால் பிரிக்காதீர்கள். முட்டை மேலே மிதக்கும், பெரியவை அதையும் தின்னும்.

கவலைப்பட வேண்டியவை வேறு. தோல் நாள்தோறும் கிழிந்து தொங்குவது, தின்ன மறுப்பது, தண்ணீரைவிட்டு வெளியேறவே முயல்வது மூன்றும் சேர்ந்தால் கைட்ரிட் சந்தேகம். தொடையிலும் வயிற்றிலும் ரத்தம் கட்டியதுபோல் சிவந்தால் பாக்டீரியா தொற்று, அழுக்குத் தண்ணீரில் வருவது. ஒரே நாளில் பலூன்போல் ஊதினால் உள்ளே நீர் கோத்திருக்கிறது, பிழைப்பது கடினம். எதுவானாலும் அந்தத் தவளையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் உள்ள டப்பாவுக்கு மாற்றி, தொட்டியின் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் உடனே அளந்து பாருங்கள். பாதி நோய்க்குப் பதில் அங்கேயே கிடைக்கும்.

மீன் கடையில் தரும் பச்சை, நீல மருந்துகளை ஊற்றாதீர்கள். மாலகைட் கிரீன், ஃபார்மலின், செம்பு கலந்தவை மீனுக்கு மருந்து, தவளையின் தோலுக்கு நஞ்சு. பூஞ்சைக்கும் தொற்றுக்கும் மருந்து உண்டு, அளவைச் சொல்லக் கால்நடை மருத்துவர் வேண்டும். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தவளையைப் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

நம் உடம்புக்கும் ஒரு கவனம். அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை குழந்தைகளைப் பெருமளவில் பாதித்த ஒரு சால்மோனெல்லா பரவலுக்கு இதே குட்டைத் தவளைத் தொட்டிகள்தான் மூலம் என்று கண்டுபிடித்தார்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை தொட்டியில் கைவிடக் கூடாது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஸ்பாஞ்சைச் சமையல் தொட்டியில் பிழியாதீர்கள். எடுத்த தண்ணீரை வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், கீரைப் பாத்தியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ அல்ல.

தவளையையும் அப்படியே. ஊசுட்டேரியிலோ கெடிலத்திலோ கொண்டு விடுவது புண்ணியம் இல்லை. ஆய்வுக்கூடங்களுக்காக ஊர் ஊராகப் போன நகத்தவளை சிலியிலும் பிரான்சிலும் கலிபோர்னியாவிலும் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் உயிர்களைத் தின்றுகொண்டிருக்கிறது. வளர்க்க முடியாமல் போனால் கடைக்கோ இன்னொரு வளர்ப்பவருக்கோ கொடுத்துவிடுங்கள்.

ஊருக்குப் போவதென்றால் வளர்ந்த தவளை ஐந்தாறு நாள் பட்டினியைப் பொறுக்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டாரிடம் பாக்கெட்டைக் கொடுக்காதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு கட்டி என்று ஐஸ் தட்டில் தனித்தனியே பிரித்து, தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போங்கள்.